அலுங்குக்கு எத்தனை பல்?

ஒரு காட்டில் ஓர் அலுங்கு இருந்தது. இருந்ததை நான் பார்த்ததில்லை. ஒரு சேவை மையத்து வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் சொன்னார். அவருக்கு அவருடைய மைத்துனர் சொன்னாராம். மைத்துனருக்கு யார் சொன்னது என்று கேட்பதற்குள் அவருடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். கேட்டதைக் கேட்டபடி சொல்கிறேன்.

அலுங்கு என்றால் உடம்பெல்லாம் செதிலாக, மூக்கு நீண்டு, எறும்பும் கரையானும் தின்று வாழ்கிற பிராணி. பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சுருண்டுவிட்டால் புலி வந்தாலும் பிரிக்க முடியாது. அதற்குப் பிறவியிலேயே கொடுத்து அனுப்பிய பாதுகாப்பு அவ்வளவுதான். கடவுச்சொல், ரகசியக் கேள்வி எதுவும் கிடையாது.

நம் அலுங்கின் பெயர் கவசமணி. அதன் வம்சத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போய்த் தேறியது அதுதான். ரொம்பவும் பயந்த சுபாவம். ரொம்பவும் நேர்மை. கீழே சிறிய எழுத்தில் இருப்பதையெல்லாம் படித்து முடித்துவிட்டு 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தைத் தொடுகிற ஒரே பிராணி அந்தக் காட்டில் அதுதான் என்பார்கள்.

கல்லூரிக் கடைசி ஆண்டில், வாசலில் ஒரு மயில் குடையும் மேசையும் போட்டு உட்கார்ந்திருந்தது.

"வா தங்கச்சி, வா! பட்டதாரிகளுக்குன்னே அடர்வனம் வங்கி போட்ட கிரெடிட் கார்டு. வாழ்நாள் முழுக்க இலவசம்."

"யாரோட வாழ்நாள்?" என்று கவசமணி கேட்டது.

"படிச்ச பிள்ளைன்னா இதான். எதுக்கெடுத்தாலும் கேள்வி!" என்று மயில் தோகையைச் சிலுப்பியது. "நீ கைநாட்டு மட்டும் வை. மத்த கட்டமெல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம், நானே நிரப்பிக்கிறேன். இங்க பாரு, போட்டோ!"

பளீரென்று வெளிச்சம் அடித்தது. கவசமணி பயந்து சுருண்டது. படத்தில் ஒரு பலாப்பழம் விழுந்தது.

"அம்சமா இருக்கு" என்றது மயில். கார்டு வந்துவிட்டது.

இது நடந்து சில மாதம் கழித்துப் பட்டமளிப்பு விழா வந்தது. விழா நாளைக் காலையில். கவசமணியின் அம்மா ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. பட்டம் என்றால் என்னவென்று அம்மாவுக்குச் சரியாகத் தெரியாது. அதைக் கொடுக்கும்போது தான் அங்கே இருக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். ஆற்றில் முதலைகள் இருந்ததால் நீந்த முடியாது. கிழட்டு ஆமை ஒன்று முதுகில் ஏற்றி அக்கரைக்கும் இக்கரைக்கும் கொண்டுவிட்டுக்கொண்டிருந்தது. இன்று பொழுது சாயும்போது கடைசி நடை. ராத்திரி மலையில் மழை பிடித்தால் ஆறு பெருகிவிடும். அப்புறம் தை பிறந்தால்தான் ஆமை தண்ணீரில் இறங்கும்.

முன்பெல்லாம் ஆமையிடம் எதையாவது கொடுத்துவிட்டு ஏறிக்கொள்ளலாம். இப்போது அதற்குப் 'படகுச் சீட்டு' என்று பெயர். எடுப்பது இணையத்தில்தான். அதுவும் கார்டு போட்டால்தான்.

அம்மாவுக்குச் சேதி சொல்வதிலேயே ஒரு தொல்லை இருந்தது. அந்தக் காட்டில் எல்லோரும் எறும்பிடம்தான் சேதி அனுப்புவார்கள். ஆனால் அலுங்கு வீட்டுக்குச் சேதி கொண்டுபோன எறும்பு, சேதியைச் சொல்லி முடித்ததாக வரலாறு இல்லை. ஆகவே கவசமணி ஒரு கொக்கைக் கெஞ்சிக் கூத்தாடி அனுப்பியது: "அம்மா, கரையில் வந்து உட்கார். சீட்டு நான் எடுத்துவிடுகிறேன்."

அம்மா விடிந்ததும் வந்து உட்கார்ந்துவிட்டது. இக்கரையில் ஒரு பெரிய கரையான் புற்று உண்டு. அதன் உச்சியில் ஏறினால்தான் செல்பேசிக்கு சிக்னல் கிடைக்கும். கவசமணி ஏறிப் பார்த்தது. அக்கரையில் மருதமரத்தடியில் ஒரு பழுப்புப் புள்ளி. பக்கத்தில் ஒரு சின்ன மூட்டை. அதுதான் அம்மா.

கவசமணி கார்டைக் கையில் எடுத்தது. செல்பேசி அடித்தது.

"கவசமணி மேடங்களா? வணக்கம் மேடம். அடர்வனம் வங்கி தலைமை அலுவலகத்துலேர்ந்து இனியன் பேசுறேன். சாப்பிட்டாச்சுங்களா?"

வங்கியிலிருந்து பேசுகிறவர் சாப்பிட்டாயா என்று கேட்டார் என்றதும் கவசமணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"உங்க கார்டு இன்னையோட காலாவதி ஆகுது மேடம். இப்ப ஒரு ஓடிபி வரும். அதை மட்டும் சொன்னீங்கன்னா நான் புதுப்பிச்சுக் குடுத்துடுறேன்."

"ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்லேர்ந்து தினமும் மெசேஜ் வருதே?"

"ரொம்பச் சரி மேடம். யாருக்கும் சொல்லாதீங்க. எனக்கு மட்டும் சொல்லுங்க."

"மன்னிக்கணும். சொல்ல மாட்டேன்."

"நல்லது மேடம். உங்களை மாதிரி கவனமா இருக்கிறவங்களப் பார்த்தா எங்களுக்கே ஒரு மரியாதை. அப்புறம் பேசுறேன். வச்சிடட்டுங்களா?" என்று கேட்டு, அனுமதி கிடைத்த பிறகே அந்தக் குரல் அழைப்பைத் துண்டித்தது.

பேசியது ஒரு குள்ளநரி. சற்றுத் தள்ளி ஓர் இலந்தைப் புதர்தான் அதன் தலைமை அலுவலகம்.

பழைய காலத்துக் கதையாக இருந்தால் இங்கேயே முடிந்திருக்கும். நரி ஏமாந்தது, அலுங்கு பிழைத்தது, எல்லோரும் எச்சரிக்கையாக இருங்கள் பிள்ளைகளே என்று எழுந்து போயிருக்கலாம். ஆனால் கவசமணி படித்த பிராணி. படித்தவர்கள் புகார் கொடுப்பார்கள்.

அது வங்கியின் உதவி எண்ணை அழைத்தது. ஒரு மைனா பேசியது, பதிவு செய்த குரலில்: "உறுமலில் தொடர ஒன்றை அழுத்தவும். பிளிறலில் தொடர இரண்டு. ஊளையில் தொடர மூன்று. கீச்சொலியில் தொடர நான்கு."

அலுங்குகள் அதிகம் பேசாத இனம். மிஞ்சிப்போனால் ஒரு சீறல். சீறலுக்கு எண் இல்லாததால் கவசமணி நான்கை அழுத்தியது.

"புதிய கார்டு வாங்க ஒன்று. இன்னொரு புதிய கார்டு வாங்க இரண்டு. வாங்கிய கார்டில் சிக்கல் என்றால் ஒன்பது."

ஒன்பதை அழுத்தியது.

"தவறான தேர்வு" என்றது மைனா. "தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது." பிறகு சில்வண்டுகள் பாட ஆரம்பித்தன. வெயில் புற்றின் ஒரு பக்கத்திலிருந்து உச்சிக்கு ஏறும்வரை பாடின. கவசமணி அக்கரையைப் பார்த்தது. புள்ளி அங்கேயே இருந்தது.

கடைசியில் ஒரு கிளி வந்தது. "வணக்கம் அடர்வனம் வங்கியைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி நான் பவளவாயன் தங்களுக்கு எவ்வாறு உதவலாம்?" என்று ஒரே மூச்சில் சொன்னது.

கவசமணி நடந்ததைச் சொன்னது.

"தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், மேடம்."

"சிரமம் ஒண்ணும் இல்லைங்க. நான் ஏமாறலை. ஒரு தகவலுக்காகச் சொல்றேன், அவ்வளவுதான்."

"தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், மேடம். தங்கள் பாதுகாப்பைக் கருதித் தங்கள் கார்டை முடக்கிவிட்டோம். வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?"

"ஐயோ, ஏங்க முடக்கினீங்க? நான்தான் ஓடிபி சொல்லவே இல்லையே!"

"சொல்லியிருந்தால் ஆபத்து நடந்து முடிந்திருக்கும், மேடம். நடந்து முடிந்ததை நாங்கள் நிதானமாக விசாரித்திருப்போம். நீங்கள் சொல்லாமல் விட்டதால் ஆபத்து அப்படியே மிச்சம் இருக்கிறது."

"அப்ப அந்த நரியைப் பிடிங்க!"

"நரி நம் வாடிக்கையாளர் அல்லவே, மேடம். வாடிக்கையாளர்மீது மட்டும்தான் நாங்கள் நடவடிக்கை எடுக்க முடியும்."

"சரிங்க. முடக்கினதைத் திறந்து விடுங்க. எனக்கு இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு படகுச் சீட்டு எடுக்கணும். அம்மா அக்கரையில காத்துக்கிட்டு இருக்கு."

"நிச்சயமாக, மேடம். தாங்கள் தாங்கள்தான் என்று உறுதிசெய்துவிட்டால் போதும். தங்களுக்கு ஓர் ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கள்."

கவசமணி தயங்கியது. "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே..."

"நன்று, மேடம். தாங்கள் ஒத்துழைக்க மறுத்ததாகக் குறித்துக்கொள்கிறேன். ரகசியக் கேள்விக்கு வருவோம். தங்களுக்கு மிகவும் பிடித்த உணவு?"

"கரையான்."

"தவறு."

"இல்லைங்க, கரையான்தான். இப்பக்கூடப் புற்று மேலதான் உட்கார்ந்திருக்கேன்."

"பதிவில் வேறு இருக்கிறது, மேடம். அடுத்தது. தங்கள் சிறுவயதுத் தோழியின் பெயர்?"

"பொம்மி. அதுவும் அலுங்குதான்."

"தவறு. தங்களைப் பற்றித் தங்களுக்கு எதுவும் தெரியவில்லை, மேடம். பாதுகாப்புப் பிரிவுக்கு மாற்றுகிறேன். காணொளியில் முகம் காட்டுங்கள்."

பாதுகாப்புப் பிரிவின் தலைவர் ஒரு தேவாங்கு. தேவாங்கு ராத்திரிப் பிராணி. கும்மிருட்டில் ஊசி விழுந்தாலும் கண்டுபிடித்துவிடும். ஆனால் வங்கி பகலில்தானே திறந்திருக்கும்? ஆகவே அதைப் பகல் வேலையில் போட்டிருந்தார்கள். பகல் வெளிச்சத்தில் அதன் பெரிய கண்களுக்கு ஒன்றும் புலப்படாது. வெள்ளையாக ஏதாவது பளிச்சிட்டால் மட்டும் குத்துமதிப்பாகத் தெரியும். ஊழியரை மாற்றுவதற்குப் பதிலாக வங்கி விதியை மாற்றிக்கொண்டது.

"பல் தெரியச் சிரிக்கவும்" என்றது தேவாங்கு, தூக்கக் கலக்கத்தில்.

"ஐயா, எனக்குப் பல் கிடையாதுங்க."

"எப்போது விழுந்தது?"

"விழலைங்கய்யா. முளைக்கவே இல்லை. எங்க இனத்துல யாருக்குமே கிடையாது. எங்களுக்கு எல்லாமே நாக்குதான்." நேர்மையான பிராணி அல்லவா? ஆதாரம் காட்டுவதாக நினைத்து நாக்கை நீட்டியது. அலுங்கின் நாக்கு அதன் உடம்பில் பாதி நீளம் இருக்கும். திரையில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வழவழவென்று ஏதோ ஓடியது.

"பாம்பு!" என்று தேவாங்கு அலறியது. "கணக்கில் பாம்பு புகுந்திருக்கிறது!"

அந்த அலறலில் கவசமணியும் பயந்து சுருண்டுகொண்டது.

"முகமும் மறைந்துவிட்டது. மோசடி உறுதி."

கிளி குறுக்கிட்டது. "ஒரு நிமிடம், ஐயா. இப்போது இவர் பதிவில் உள்ள படத்தைப் போலவே இருக்கிறார். அதே பலாப்பழம்."

"சிரிக்கிறதா?"

"சிரிக்கவில்லை, ஐயா."

"அப்படியென்றால் செல்லாது. பல் இல்லாத வாடிக்கையாளர் என்று ஒரு பிரிவு நம்மிடம் இல்லை. பல் மருத்துவரிடம் பல் இல்லை என்று சான்றிதழ் வாங்கி வரச் சொல். சான்றிதழில் பல்லின் படம் ஒட்டி, முத்திரை பாதி படத்தின் மேலும் பாதி தாளின் மேலும் விழுந்திருக்க வேண்டும்."

"காத்திருங்கள், மேடம். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்றது கிளி. மறுபடியும் சில்வண்டுகள்.

இங்கேதான் அலுங்கு மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறு நடந்தது. சிலருக்குப் பதற்றம் வந்தால் நகத்தைக் கடிப்பார்கள். அலுங்குக்குப் பதற்றம் வந்தால் தோண்டும். கவசமணி செல்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, தன்னையறியாமல் ஒரு காலால் புற்றைப் பறித்தது. கரையான் வந்தது. வந்ததை வீணாக்குவானேன் என்று நக்கிக்கொண்டது. மறுபடியும் பறித்தது. சில்வண்டு பாட்டில் பல்லவி திரும்பத் திரும்ப வந்தது. கவசமணியும் திரும்பத் திரும்பப் பறித்தது.

"மேடம், மேலிடம் ஒரு வழி சொல்லியிருக்கிறது. அதாவது தாங்கள்..." என்று கிளி தொடங்கியபோது புற்று சரிந்தது. கவசமணி தரைக்கு வந்தது. சிக்னல் போய்விட்டது.

சிக்னலைத் தின்ற முதல் பட்டதாரி என்று அதைப் பற்றி எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருக்கலாம்.

தரையிலிருந்து பார்த்தால் அக்கரை தெரியவில்லை. நாணல்தான் தெரிந்தது. வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கவசமணி துறைக்கு ஓடியது. ஆமை கழுத்தை மட்டும் வெளியே நீட்டி உட்கார்ந்திருந்தது.

"தாத்தா, கார்டு வேலை செய்யல. கையில நல்ல கரையான் கூடு வச்சிருக்கேன். வாங்கிக்கிட்டு அம்மாவை ஏத்திட்டு வந்துடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"வாங்கிக்க எனக்கு ஆசைதான் பாப்பா" என்றது ஆமை. "ஆனா முதுகு என்னுது, சீட்டு அவங்களுது. சீட்டு இல்லாம ஏத்தினா என் முதுகையே முடக்கிடுவாங்க. நான் கடைசி நடைக்குக் கிளம்பப்போறேன். அக்கரை சேர்றதுக்குள்ள சீட்டு விழுந்தா உங்கம்மாவை ஏத்திக்கிறேன். நான் மெதுவாத்தான் போவேன். அந்த ஒரு உதவிதான் என்னால முடியும்."

ஆமை தண்ணீரில் இறங்கியது. கவசமணி கரையில் நின்று, என்ன செய்வது என்று தெரியாமல் சுருண்டுகொண்டது.

"மேடம்" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. "இனியன் மேடம். லைன் கிடைக்கல, அதான் நேர்லயே வந்துட்டேன்."

பந்து இன்னும் இறுகியது.

"பயப்படாதீங்க மேடம், நான் சாப்பிட்டுட்டுத்தான் வந்திருக்கேன். கார்டை முடக்கிட்டாங்களாமே? கேட்டதும் மனசு கஷ்டமாயிடுச்சு."

பந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "உங்களாலதான் முடக்கினாங்க!"

"இல்ல மேடம், நீங்க புகார் குடுத்ததால. நான் ஓடிபி கேட்டேன், நீங்க தரல, நான் போயிட்டேன். நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பிரச்சினையும் இருந்ததில்ல."

யோசித்துப் பார்த்தால் அது உண்மையாகத்தான் இருந்தது. பந்து கொஞ்சம் விரிந்து, ஒரு கண் வெளியே தெரிந்தது. நரி மரியாதையாகத் தள்ளி, வாலைச் சுருட்டி உட்கார்ந்திருந்தது.

"நீங்க திருடுறவர்தானே?"

"ஆமா மேடம். உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும்? ஆனா முடக்கின கார்டுல நான் என்னத்தைத் திருடுறது? உங்களுக்கு வழி பிறந்தாத்தான் எனக்கும் பிழைப்பு. நான் திறந்து தர்றேன். உங்களுக்கு ஒரு சீட்டு, எனக்கு ஒரு கோழி. அதுக்கு மேல ஏதாவது தொட்டா ஏன்னு கேளுங்க."

"யாரைக் கேக்கறது?"

"என்னையத்தான். முதல் மணியிலேயே எடுத்துடுவேன்."

"ரகசியக் கேள்விக்கே எனக்குப் பதில் தெரியலையே. பிடிச்ச சாப்பாடு கரையான்னு சொன்னா தப்புங்கறாங்க."

"தப்புதான் மேடம். நிலக்கடலை. தோழி பேரு நீலமேகம். மயில் அவசரத்துல தன்னோடதை எழுதிடுச்சு. அந்தப் பட்டியலை அதுகிட்டதான் நான் வாங்கினேன்."

கவசமணிக்குப் பொய் பழக்கமில்லை. 'கார்டைப் பிறர் பயன்படுத்த வாடிக்கையாளர் எக்காரணம் கொண்டும் அனுமதிக்கலாகாது' என்ற வரி, பின்பக்கம், கீழிருந்து மூன்றாவது, அதன் கண் முன்னால் வந்து நின்றது. ஆற்றைப் பார்த்தது. ஆமை நடு ஆற்றைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"கோழி சின்னதா இருக்கணும்" என்றது கவசமணி.

இலந்தைப் புதருக்குப் பின்னால், நரிக்கு மட்டும் தெரிந்த இன்னொரு புற்றுக்கு இரண்டும் ஓடின. "தோண்டாதீங்க மேடம்" என்று மட்டும் நரி கேட்டுக்கொண்டது. ஏறியதும் கவசமணி முதலில் அக்கரையைப் பார்த்தது. அம்மா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஓரம் வந்து நின்றிருந்தது.

நரி உதவி எண்ணை அழைத்தது. மைனா பேசத் தொடங்கும்போதே எதையோ அழுத்தியது. சில்வண்டு பாடவில்லை. நேராகக் கிளி வந்தது. நரிகளுக்கு அந்த வழி தெரியும்.

"தங்களுக்கு வந்த ஓடிபியைச் சொல்லுங்கள், மேடம்."

நரி கவசமணியைப் பார்த்தது. காலையிலிருந்து யாருக்கும் சொல்லாமல் காப்பாற்றி வைத்திருந்த வாய், ஒவ்வோர் எண்ணாக நரியின் காதில் சொன்னது.

"பிடித்த உணவு?" "நிலக்கடலை." "சரி. தோழி?" "நீலமேகம்." "மிகச் சரி, மேடம்! பாதுகாப்புப் பிரிவுக்கு மாற்றுகிறேன்."

"பல் தெரியச் சிரிக்கவும்" என்றது தேவாங்கு.

நரி சிரித்தது. காதிலிருந்து காதுவரை சிரித்தது. சாயங்கால வெயில் அந்தப் பற்களில் பட்டுத் தெறித்தது.

"ஆகா!" என்று தேவாங்கு உருகிவிட்டது. "மேல் வரிசை, கீழ் வரிசை, கடைவாய் எல்லாம் இருக்கிறது. கவசமணி என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்! மதியம் யாரோ பல்லில்லாத பேர்வழி உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார், மேடம். எச்சரிக்கையாக இருங்கள்." பற்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பதிந்துகொண்டு கார்டைத் திறந்துவிட்டது.

கவசமணி படகுச் சீட்டு எடுத்தது. நரி கோழி எடுத்தது. உடனே செல்பேசி அடித்தது.

"வணக்கம் பவளவாயன் பேசுகிறேன் தங்கள் கார்டில் சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனை ஒன்று நடந்துள்ளது. படகுச் சீட்டு. நிறுத்தி வைத்திருக்கிறோம்."

"நிறுத்தாதீங்க! நான்தான் எடுத்தேன்!"

"யார் பேசுவது?"

"கவசமணி."

"குரல் பொருந்தவில்லையே. கவசமணி மேடம் பக்கத்தில் இருந்தால் கொடுங்கள்."

கவசமணி ஆற்றைத் திரும்பிப் பார்த்தது. ஆமை அக்கரையைத் தொட்டுவிட்டது. அம்மா ஆமையிடம் ஏதோ கேட்பதும் ஆமை தலையை ஆட்டுவதும் தெரிந்தது. மேலும் கீழுமாக அல்ல, பக்கவாட்டில்.

"இருக்காங்க. குடுக்கறேன்" என்று சொல்லி நரியிடம் நீட்டியது.

"சொல்லுங்க, கவசமணிதான் பேசுறேன்" என்றது நரி. "சீட்டு நான்தான் எடுத்தேன். அம்மாவுக்கு."

"நன்றி, மேடம். விடுவித்துவிட்டோம்."

"கோழியும் ஒண்ணு வாங்கினேன். அதைக் கேக்கலையே?"

"அதில் சந்தேகமே வரவில்லை, மேடம். தங்கள் இயல்புக்குப் பொருந்துகிறது."

ஆமை இக்கரைக்கு வரும்போது ஆற்றில் இருள் இறங்கியிருந்தது. அம்மா இறங்கி, நரியைப் பார்த்ததும் வழக்கம்போலச் சுருண்டது. கவசமணி தட்டி எழுப்பியது.

"யாரு கண்ணு இது?"

"உனக்குச் சீட்டு எடுத்துக் குடுத்தவர்மா."

"பேங்க்ல வேலை செய்யறவங்களா?"

"இல்லம்மா. திருடர்."

அம்மா நரியை மேலும் கீழும் பார்த்தது. "அதானே! பேங்க்ல இருக்கிறவங்க எங்க இவ்வளவு தூரம் கூட வந்து நிக்கப்போறாங்க" என்று மூட்டையை அவிழ்த்து, அக்கரைக் கரையான் கூட்டில் ஒரு துண்டு பிய்த்து நரிக்குக் கொடுத்தது. நரி மரியாதைக்காக வாயில் போட்டுக்கொண்டது. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வெகுநேரம் நின்றதாம்.

மறுநாள் விழா. கவசமணியின் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறிப் பட்டத்தை வாங்கும் நேரம் பார்த்து ஒரு கேமரா பளீரென்று அடித்தது. கவசமணி பட்டத்தோடு சேர்ந்து சுருண்டது. மேடையில் ஓர் உருண்டை. இது யார் என்று எல்லோரும் விழித்தார்கள். முன்வரிசையிலிருந்து அம்மா எழுந்து நின்று, "அதுதான் எம் பொண்ணு!" என்றது. சரிபார்ப்பு அவ்வளவுதான்.

விழா முடிந்ததும் வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'எங்கள் சேவை எப்படி இருந்தது? தங்கள் சிக்கலைத் தீர்த்தவர் யார்?' பொய் சொல்லத் தெரியாத கவசமணி 'இனியன்' என்று அனுப்பியது. அந்த மாதத்தின் சிறந்த ஊழியர் விருது இனியனுக்கு அறிவிக்கப்பட்டது. அப்படி ஒருவர் பணியிலேயே இல்லை என்பது விருதைக் கொடுக்கும் அன்றுதான் வங்கிக்குத் தெரிந்தது. விருதைத் திரும்பப் பெறுவது நடைமுறையில் இல்லாததால், முன்தேதியிட்டு நியமன ஆணையை அனுப்பிவிட்டார்கள்.

நரி வங்கி வேலையில் போய்ச் சேர்ந்தது. அன்று முதல் அதுவும் முதல் மணியில் எடுப்பதில்லை. சில்வண்டுதான் பாடுகிறதாம்.

கதை இவ்வளவுதான். வரிசையில் நின்றவர் சொன்னதில், கவசமணியின் பிறந்தநாளுக்கு வங்கி வாழ்த்து அட்டையோடு பல் துலக்க ஒரு கட்டு வேப்பங்குச்சி அனுப்பியது என்பதும், அட்டையில் 'தங்கள் நாற்பத்திரண்டு பற்களும் நீடூழி வாழ்க' என்று அச்சிட்டிருந்தது என்பதும் மட்டும் எனக்கு நம்பும்படியாக இல்லை. வீட்டுக்கு வந்து விலங்கியல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அலுங்குக்கு ஒரு பல்லும் கிடையாது. நரிக்கு நாற்பத்திரண்டு.

நீதி: நீ நீதான் என்று பிடிவாதம் பிடிக்காதே, உன்னைவிட நன்றாகச் சிரிக்கத் தெரிந்தவன் வந்தால் போனை அவனிடம் கொடுத்துவிடு.